ஒரே பலகை, பல கைகள்

இத்தாலியின் தென்கிழக்கே அத்ரியாட்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் துறைமுக நகரம் பாரி. பூலியா மாநிலத்தின் தலைநகர். அங்கே வருகிறவர்களில் பலர் புனித நிக்கோலாவின் பேராலயத்துக்காக வருகிறார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவிலிருந்து 1087இல் கடலோடிகள் கொண்டுவந்த அவருடைய எலும்புகள் அந்தக் கோயிலின் நிலவறையில் இருக்கின்றன. நானும் போய் வணங்கினேன். ஆனால் என்னைப் பாரிக்கு வரவழைத்தது அங்கிருந்து சில சந்துகள் தள்ளி இருக்கும் ஒரு குறுகலான தெரு. பழைய கோட்டைக்கு எதிரே தாழ்வான கல்வளைவுக்குள் நுழைந்தால் ஆர்க்கோ பாஸ்ஸோ தெரு வரும். அங்கே பெண்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து கையாலேயே பாஸ்தா செய்கிறார்கள்.

நம் ஊரில் பாஸ்தா என்றால் வெள்ளை சாஸா, சிவப்பு சாஸா என்றுதான் கேட்கிறார்கள். அது உணவகத்துப் பாஸ்தா. நான் பார்க்க ஆசைப்பட்டது வீட்டுப் பாஸ்தாவை. திடீரென்று நாலு பேர் வந்தால் என்ன செய்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் செய்கிறார்கள், யாரெல்லாம் செய்கிறார்கள் என்று அறிய வேண்டியிருந்தது. பாரியில் தொடங்கி, கடலோர ரயிலில் வடக்கே பொலோன்யாவுக்கும், அங்கிருந்து டஸ்கனி மலைப்பகுதிக்கும் போனேன். மூன்று இடத்திலும் மாவு வேறு, வடிவம் வேறு. வந்தவர்களையும் வேலையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தது.

மார்ச் மாதத் தொடக்கம். வெயில் இளஞ்சூடாக இருந்தது. ஆர்க்கோ பாஸ்ஸோவில் ஒவ்வொரு வாசலிலும் மரச்சட்டத்தில் வலை அடித்த தட்டுகள். அவற்றின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் காது வடிவப் பாஸ்தா காய்ந்துகொண்டிருந்தது. இதுதான் ஒரெக்கியெட்டே. பாரியில் வேலை பார்க்கும் என் தோழி அந்தத் தெருவில் தனக்குப் பழக்கமான ஒரு பாட்டியிடம் என்னை அழைத்துப் போனாள். பாட்டி நிமிர்ந்து பார்த்து, “கையைக் கழுவிட்டு வந்து உட்காரும்மா” என்றார். எங்கிருந்து வருகிறேன், என்ன செய்கிறேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாவில் இரண்டே பொருள். மிக நைஸாக அரைத்த துரும் கோதுமை ரவையும் வெதுவெதுப்பான தண்ணீரும். ரவையின் எடையில் பாதி அளவு தண்ணீர். முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. பூரி மாவைவிட இறுக்கமாக, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளிப் பிசைய வேண்டும். முதலில் சொரசொரவென்று உதிரும் மாவு, கால் மணி நேரத்தில் வழவழப்பாகிவிடுகிறது. அதை மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். மாவில் ஒரு பகுதியை எடுத்து மரப்பலகையில் விரல் பருமனுக்குக் கயிறாக உருட்டுகிறார் பாட்டி. கையில் இருப்பது முனை மழுங்கிய பழைய மேஜைக் கத்தி. கயிற்றின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் துண்டை நறுக்குகிறார். கத்தியைத் தட்டையாகப் பிடித்து, துண்டின் மேல் அழுத்தித் தன் பக்கமாக இழுக்கிறார். மாவு நசுங்கி, கத்தியின் மேல் சுருண்டு ஏறுகிறது. அதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிவிடுகிறார். அவ்வளவுதான். பலகையில் உரசிய சொரசொரப்பு இப்போது வெளிப்பக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு குழி. குழியில் எண்ணெய் தங்கும், சொரசொரப்பில் மசாலா ஒட்டும். நான் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் பாட்டியின் பக்கத்தில் ஒரு பிடி சேர்ந்துவிட்டது. பேசிக்கொண்டேதான் செய்தார், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தானும் ஒரு கயிறு உருட்டினார். பள்ளி விட்டு வந்த பெண் பையைக் கழற்றாமலே இரண்டு நிமிடம் நின்று நாலு காது செய்துவிட்டு உள்ளே போனாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பலகை தெருவில் இருப்பதால் கைகள் தாமே வந்து சேர்கின்றன. சமையலின் நீளமான, அலுப்பான பகுதியைத் தெருவுக்குக் கொண்டுவந்து பேச்சோடு பேச்சாகக் கரைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தெருவுக்கும் சட்டத்துக்கும் ஓர் உரசல் உண்டு. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத ஒரெக்கியெட்டேயைப் பரிமாறியதற்காக 2019இல் பாரியில் ஓர் உணவகத்துக்கு அபராதம் போட்டு, மூன்று கிலோவைக் குப்பையில் கொட்டவைத்தார்கள். தெருவில் செய்து விற்கும் பெண்கள் அதைக் கேட்டுக் கலங்கிப்போனார்கள். உணவுச் சுகாதார விதி வேண்டியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாசலில் உட்கார்ந்து செய்கிறவர்களின் பிழைப்பைக் கெடுக்காமல் அந்த விதியை எழுதுவதுதான் அரசின் வேலை என்று நினைக்கிறேன்.

அன்று இரவு தோழியின் மாமியார் வீட்டில் விருந்து. பாட்டியிடம் வாங்கிய ஒரெக்கியெட்டேயும், சந்தையில் வாங்கிய சீமெ தி ராப்பா என்ற கீரையும்தான் மொத்தச் சரக்கு. கடுகு, முள்ளங்கி குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கீரையில் லேசான கசப்பு இருக்கும். பூ விரியாத மொட்டோடு பறிப்பார்கள். குளிர்காலக் கீரை அது. நான் போனபோது பருவம் முடிகிற நேரம். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் உப்பைப் போட்டு, முதலில் கீரையை இறக்கினார் அந்த அம்மா. சில நிமிடம் கழித்து அதே தண்ணீரில் பாஸ்தா. கீரையின் சாறு முழுவதும் பாஸ்தாவுக்குள் போக வேண்டுமாம். பக்கத்து அடுப்பில் அகலமான வாணலி. தாராளமாக ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பில் ஊறிய நெத்தலி மீன் நாலைந்து. நெத்தலி சூட்டில் கரைந்து எண்ணெயோடு எண்ணெயாகிவிட்டது. பாஸ்தாவையும் கீரையையும் ஒன்றாக வடித்து வாணலியில் கொட்டி, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு இரண்டு புரட்டு. மேலே வறுத்த ரொட்டித்தூள். சீஸ் கிடையாது. இந்தப் பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்டால் பாரிக்காரர்கள் முகம் சுருங்கும்.

பானையில் பாஸ்தா விழுந்த உடனே அந்த அம்மா “மேஜைக்கு வாங்க!” என்று குரல் கொடுத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள், தொலைபேசியில் இருந்தவர் பேச்சை முடித்தார். பாஸ்தாவுக்காக மனிதர்கள் காத்திருக்கலாம், மனிதர்களுக்காகப் பாஸ்தா காத்திருக்காது என்பது இத்தாலி முழுவதும் உள்ள வீட்டு ஒழுங்கு. வெந்து இறக்கிய சில நிமிடங்களில் அது இறுகிவிடும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், சமைத்தவரும் உட்கார வேண்டும். இது என்னை மிகவும் நெகிழவைத்தது. நம் வீடுகளில் விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அங்கே அந்த அம்மாவின் தட்டும் எங்கள் தட்டோடு சேர்ந்துதான் நிறைந்தது.

சாப்பாடு முடிந்தும் பேச்சு முடியவில்லை. நள்ளிரவு தாண்டியதும் தோழியின் கணவர், “பசிக்குது, ஸ்பாகெட்டி போடட்டுமா?” என்றார். நண்பர்கள் கூடினால் அங்கே இது சாதாரணம். கடைப் பாக்கெட் ஸ்பாகெட்டிதான். அது வேகும் நேரத்துக்குள் எண்ணெயில் பூண்டைச் சிவக்கவிடாமல் வாசனை வரும்வரை வதக்கி, மிளகாய் கிள்ளிப் போட்டு, வடித்த ஸ்பாகெட்டியைப் புரட்டிவிட்டால் ஆயிற்று. பூண்டு பொன்னிறத்தைத் தாண்டிக் கருகினால் கசந்துவிடும் என்பது ஒன்றே அதில் எச்சரிக்கை.

பாரியிலிருந்து பொலோன்யாவுக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம் ஆகும். ஃபோஜியாவை நெருங்கும்போது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. தவோலியேரே சமவெளியின் துரும் கோதுமை அது. இலையுதிர் காலத்தில் விதைத்து ஜூனில் அறுப்பார்கள். சாதாரணக் கோதுமையைவிடக் கடினமான மணி இது. இதன் மாவை இழுத்தால் சுருங்கித் திரும்பி வராது, கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கத்தியால் இழுத்த காது காதாகவே நிற்பதற்கு அதுதான் காரணம். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள்.

இதே வயல்களில் ஒரு துயரக் கதையும் உண்டு. அறுவடை முடிந்து தாளைக் கொளுத்திய பின், சாம்பலுக்குள் கருகிக் கிடந்த மணிகளை ஏழைகள் பொறுக்கிப் போய் அரைத்தார்கள். வெள்ளை மாவு வாங்க வழியில்லாதவர்களின் கறுத்த மாவு அது. இன்று அதே கருகிய கோதுமை மாவில் செய்த ஒரெக்கியெட்டேக்கு உணவகங்களில் தனி விலை. கோதுமையை வேண்டுமென்றே வறுத்து அந்தப் புகைமணத்தைக் கொண்டுவருகிறார்கள். பாரியில் அதைச் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. பரிமாறுகிறவர்கள் அது யாருடைய பசியிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிப் பரிமாறினால் நன்றாக இருக்கும்.

பாஸ்தா எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. மார்க்கோ போலோ அதைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154இல், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவு இழைகளைச் செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று அரபு புவியியலாளர் அல் இத்ரீசி எழுதிவைத்திருக்கிறார்.

ரிமினி தாண்டியதும் ஃபோர்லிம்போபொலி என்ற சின்ன நிலையம் வேகமாகக் கடந்துபோனது. பெல்லெக்ரீனோ அர்த்தூசி பிறந்த ஊர். பட்டு வியாபாரியாக இருந்த அவர், 1891இல் வீட்டுச் சமையலுக்காக ஒரு நூல் எழுதினார். பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தக் காசில் அச்சிட்டார். பல ஊர்களிலிருந்து இல்லத்தரசிகள் கடிதத்தில் எழுதி அனுப்பிய பக்குவங்கள் பதிப்புக்குப் பதிப்பு சேர்ந்துகொண்டே போய், 475 குறிப்புகள் 790 ஆயின. இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு அடிப்படை நூல் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பொலோன்யாவில் உலகம் வேறாகிவிடுகிறது. ரவை போய் மென்மையான மைதா போன்ற மாவு வருகிறது, தண்ணீர் போய் முட்டை வருகிறது. கணக்கு எளிது. ஓர் ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. மாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி முள்கரண்டியால் கலக்கிக்கொண்டே கரையை உள்ளே தள்ளுகிறார்கள். பிசைந்து அரை மணி நேரம் ஊறவைத்தபின், கை நீளத்துக்கும் அதிகமான உருட்டுக்கட்டையால் தேய்க்கிறார்கள். இந்த வேலையில் தேர்ந்த பெண்ணுக்கு ஸ்ஃபோலீனா என்று பெயர். மாவுத் தாளைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோயில் தெரிய வேண்டும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். நான் பார்த்த ஸ்ஃபோலீனா தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கினார். கோயில் தெரியவில்லைதான். ஆனால் அவருடைய ஐந்து விரலும் மறுபக்கத்தில் தனித்தனியாக நிழலாடின.

அந்தத் தாளைச் சுருட்டி நாடாவாக நறுக்கினால் தாலியாத்தெல்லே. அதன் அகலத்துக்கு இங்கே அதிகாரப்பூர்வமான அளவே இருக்கிறது. 1972இல் தங்கத்தில் ஒரு நாடா செய்து பொலோன்யா வர்த்தக சபையில் வைத்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர். நகரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்பது கணக்கு. இதனோடு சேர்கிற இறைச்சிக் குழம்பான ராகுவின் பக்குவத்தையும் 1982இல் அதே சபையில் பதிந்தார்கள். ராகு அற்புதமானது, ஆனால் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். பத்துப் பேர் வருகிற மாலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த ஊர் வீடுகளிலேயே அவசரத்துக்கு வெண்ணெயும் துருவிய பார்மிஜானோ சீஸும் மட்டும் போட்டுப் புரட்டுகிறார்கள். நல்ல முட்டை மாவுக்கு அது போதும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடும்பம் முழுவதும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பூரணம் வைத்த, சுண்டுவிரல் நுனியளவு பாஸ்தாவான தொர்த்தெல்லினியை நூற்றுக்கணக்கில் மடிப்பார்கள். அவ்வளவு சின்னதாக அத்தனையையும் மடிப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது கடைசியில் பார்த்த பீச்சி. டஸ்கனியில் மொந்தெபுல்ச்சானோவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைவீடு. சனிக்கிழமை மாலை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்திருந்தன. ஒருவர் கையில் வைன், இன்னொருவர் கையில் பழைய ரொட்டி. பீச்சிக்கு மாவு, தண்ணீர், ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய். தேய்த்து விரலகல நாடாவாக வெட்டிவிட்டு, ஒவ்வொரு நாடாவையும் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி நீட்ட வேண்டும். ஸ்பாகெட்டியைவிடத் தடித்த நீண்ட இழை வரும். ஓரிடத்தில் மெல்லியதாக, ஓரிடத்தில் தடிப்பாக இருந்தால் குற்றமில்லை. கையால் செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு வயதுப் பையன் உருட்டியது பாதியில் அறுந்தது. அவன் தாத்தா அதை எடுத்துப் பார்த்து, “இது உன் தட்டுக்கு” என்று ரவை தூவிய தட்டில் தனியாக வைத்தார். சாப்பிடும்போது அதை அவன் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷம் இருக்கிறதே!

சாஸ் என்று தனியாக எதுவும் இல்லை. காய்ந்த ரொட்டியை உதிர்த்து, ஆலிவ் எண்ணெயிலும் பூண்டிலும் மொறுமொறுவென்று வறுத்தார்கள். வடித்த பீச்சியை அதில் புரட்டினார்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். அதனால் பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 10 கிராம். வீணாகப் போகவேண்டிய ரொட்டியில் அத்தனை பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். தட்டில் இரண்டாவது வகை என்று ஒன்று இல்லை என்பது சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. விருந்து என்றால் பத்து வகை வைக்க வேண்டும் என்ற பயத்தாலேயே நாம் ஆட்களைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போடுகிறோம். இந்தப் பயம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

இதையெல்லாம் நம் வீட்டில் செய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், சப்பாத்திப் பலகையும் மழுங்கிய கத்தியும் போதும். ஒரெக்கியெட்டேக்கு நைஸ் ரவையை மிக்ஸியில் இன்னொரு சுற்று விட்டுக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு 400 கிராம் ரவை, 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்தபின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறட்டும். கையால் இழுக்கும்போது விரிசல் விட்டால் தண்ணீர் தொட்டு மறுபடி பிசையுங்கள். கீரைக்கு முள்ளங்கிக் கீரை மிகப் பொருத்தம். கடுகுக்கீரை கிடைத்தால் இன்னும் நல்லது. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்தலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி, முள் நீக்கிப் பொடித்து எண்ணெயில் போடலாம். ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகாவிட்டால் செக்கு நல்லெண்ணெயில் செய்து பார்க்கலாம், ருசி வேறாகும், கெடாது. முட்டைப் பாஸ்தாவுக்கும் பீச்சிக்கும் மைதா சரிப்படும். பீச்சிக்குப் பாதி ரவை கலந்தால் கடிபடும் பதம் வரும்.

மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாஸ்தா வேகும் பானை பெரிதாக இருக்கட்டும், 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வெந்ததைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். அதன் மேலிருக்கும் மாவுப்பசைதான் சாஸைப் பிடிக்கிறது. வடிக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துவையுங்கள். எண்ணெயும் அந்தத் தண்ணீரும் வாணலியில் கலந்துதான் பாஸ்தாவுக்கு வழுவழுப்பு கிடைக்கிறது. கையால் செய்த புதிய பாஸ்தா சீக்கிரம் வெந்துவிடும். நாலைந்து நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

அடுத்த முறை உறவினர்களையோ நண்பர்களையோ கூப்பிடும்போது எட்டு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லாதீர்கள். ஆறு மணிக்கு மாவு உருட்ட வரச் சொல்லுங்கள், குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு. பலகையைக் கூடத்தின் நடுவில் போட்டுவையுங்கள். பாஸ்தா வெந்ததும் நீங்களும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.